பத்து பலகைகள், ஒரு கரும்பலகை: ‘வாட்ஸ் மை லைன்?’ மேசையை வீட்டில் செய்த அனுபவம்

‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியின் நடத்துநர் மேசையை ஒருவழியாகச் செய்து முடித்து, எங்கள் குடியிருப்பின் பொங்கல் மாலையில் ஒரு முழு ஆட்டமும் ஆடிவிட்டோம். மேசை நன்றாக வேலை செய்கிறது. இதே மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று அளவு, செலவு, எது சரிப்படவில்லை என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு சிறு அறிமுகம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1950 பிப்ரவரி 2 முதல் 1967 செப்டம்பர் 3 வரை வந்தது. பெரும்பாலும் ஞாயிறு இரவு 10:30 மணிக்கு, நியூயார்க்கிலிருந்து நேரலை. ஒருவர் வந்து கரும்பலகையில் சாக்பீஸால் பெயரை எழுதிவிட்டு உட்காருவார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை எதிரே இருக்கும் நால்வர் கண்டுபிடிக்க வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும்தான் கேட்கலாம். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் மேசை மேல் உள்ள ஒரு அட்டை திருப்பப்படும், வந்தவருக்கு 5 டாலர். பத்து ‘இல்லை’ விழுந்தால் ஆட்டம் முடிந்தது, 50 டாலர். அதற்கு மேல் பரிசு கிடையாது.

கடைசியில் வருபவர்தான் மர்ம விருந்தினர். அவர் எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதால் நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். விருந்தினர் குரலை மாற்றிப் பேசுவார். முதல் நிகழ்ச்சிக்கு வந்த மர்ம விருந்தினர் பேஸ்பால் வீரர் பில் ரிசூட்டோ. அப்புறம் எலனோர் ரூஸ்வெல்ட், கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட், வால்ட் டிஸ்னி, ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் அந்தக் கரும்பலகை முன்னால் நின்றிருக்கின்றன. 1957இல் ஓவியர் சால்வடார் டாலி வந்தார். எழுத்தாளரா, நடிகரா, விளையாட்டு வீரரா என்று எதைக் கேட்டாலும் அவர் ஆம் என்றே சொல்ல, நடத்துநர் ஜான் டேலி குறுக்கே வந்து விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

2000-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது, நள்ளிரவுக்கு மேல் கேம் ஷோ நெட்வொர்க் என்ற சேனலில் இதன் கறுப்பு வெள்ளைப் பதிவுகள் வரும். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும் நேரம் அது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன நிகழ்ச்சி என்றாலும் அந்த நால்வரையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலவே பழகிக்கொண்டேன்: நடிகை ஆர்லீன் ஃபிரான்சிஸ், பத்திரிகையாளர் டோரதி கில்காலன், ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் பென்னட் செர்ஃப், அவ்வப்போது மாறும் நாலாவது ஆள். 1965 நவம்பர் 7 ஞாயிறன்று நேரலையில் உட்கார்ந்திருந்த கில்காலன் மறுநாள் இறந்துபோனார் என்று தெரிந்த பிறகு அந்தப் பகுதியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததே இல்லை.

இன்று இவையெல்லாம் பார்க்கக் கிடைப்பதே பெரிய விஷயம். தொலைக்காட்சித் திரைக்கு எதிரே 16 மி.மீ. கேமராவை வைத்துப் படம் பிடிப்பதுதான் அன்றைய பதிவு முறை. அதற்குக் கினெஸ்கோப் என்று பெயர். ஆரம்ப ஆண்டுகளின் பிரதிகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. 1952இல் தயாரிப்பாளர்கள் குட்சனும் டாட்மனும் இதை அறிந்து, ஒவ்வொரு வாரமும் படமெடுத்து வைக்கும் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். எனக்குப் பழக்கமான அந்த முகங்கள் மிச்சமிருப்பது அதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் செய்தது மின்னணு வடிவம். அர்டுயினோ நேனோ என்ற சின்ன மின்னணுக் கட்டுப்பாட்டு அட்டை, நாலு அங்குல உயர ஏழு-கோட்டு எண் காட்டி இரண்டு, ஒரு பெரிய சிவப்புப் பொத்தான், ஒரு பஸர். பொத்தானை அழுத்தினால் எண் ஐந்து ஐந்தாகக் கூடும், பஸர் கத்தும். மின்சுற்றில் ஒரு குறையும் இல்லை. பெட்டியோடு சேர்த்து 1,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. வீட்டுக்குள்ளேயே வைத்து ஆடிப் பார்த்தோம், ஆட்டம் எடுபடவில்லை. பஸர் அடித்ததும் கேள்வி கேட்டவர் பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டதுபோல் அடங்கிப்போனார். பார்ப்பவர்களின் கண் எரியும் எண்ணுக்குப் போனதே தவிர, விருந்தினர் முகத்துக்குப் போகவில்லை. பழைய பதிவுகளில் டேலி ஓர் அட்டையைத் திருப்பும்போது அவர் கை நகர்வது தெரியும், கூடவே “மூன்று போயிற்று, ஏழு பாக்கி” என்று மெல்லச் சொல்வார். கேள்வி கேட்டவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அந்தக் கை அசைவும் குரலும் இல்லாமல் வெறும் கணக்கு மட்டும் ஓடினால் அது வேறு ஆட்டம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கடைசிச் சுற்றில் நால்வரும் கண் கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு எண் தெரியாது, விளக்கு தெரியாது. காதில் விழுவது மட்டும்தான். அதனால் பலகை விழும் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், அதே சமயம் மிரட்டவும் கூடாது. மேற்கொண்டு எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

மரப் பலகைக்கு மாறினேன். டேலியின் மேசையை அப்படியே நகலெடுக்கவில்லை. எங்கள் ஹாலில் கடைசி வரிசை 8 மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்தும் தெரிகிற மாதிரி என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன்.

பெட்டி: 72 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம், 8 செ.மீ. ஆழம். முகப்பு மட்டும் 4 மி.மீ. பிளைவுட், மற்றதெல்லாம் 9 மி.மீ. பின்பக்கம் திறந்தே இருக்கும். மேல் விளிம்பில், முகப்பையொட்டி, 4 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது, மேல் பலகையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில். அந்தக் கம்பியில் பத்து பலகைகள். ஒவ்வொன்றும் 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், 6 மி.மீ. தடிமன். ஆட்டம் தொடங்கும்போது பத்தும் கம்பிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். கூட்டத்துக்கு வெறும் கருநீலம்தான் தெரியும். ஒன்றை முன்னால் தள்ளினால் அது தலைகீழாக விழுந்து பெட்டி முகப்பில் ‘டக்’ என்று அடித்துத் தொங்கும். இப்போது அதன் பின்பக்கம் வெளியே தெரியும். அதில் 5, 10, 15 என்று 50 வரை எண்கள்.

எண்களை எழுதும்போது கவனம் தேவை. பலகை தலைகீழாக விழுவதால், நிற்கும்போது பின்பக்கத்தில் எண் தலைகீழாக இருந்தால்தான் விழுந்தபின் நேராகத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நடத்துநருக்கு எல்லா எண்ணும் தலைகீழ். அதனால் ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பிலும் பென்சிலால் சிறிதாக 1, 2, 3 என்று போட்டுக்கொண்டேன். எண்ணின் உயரம் 5 செ.மீ., கருநீலத்தில் வெளிர் மஞ்சள். வெள்ளையில் போட்டுப் பார்த்தேன், ட்யூப்லைட் வெளிச்சத்தில் கூசியது.

பலகையைக் கம்பியில் எப்படி மாட்டுவது என்பதில்தான் நேரம் போனது. சின்னக் கீல்கள் முதலில் தோன்றும் வழி. ஒரு பலகைக்கு இரண்டு என்று இருபது கீல் வேண்டும். விலை ஒரு பக்கம் இருக்க, புதுக் கீல் இறுக்கமாக இருப்பதால் பலகை விழாமல் பாதியில் நின்றது. எண்ணெய் விட்டும் பத்தும் ஒரே மாதிரி விழவில்லை. டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் காட்டிக் கேட்டபோது, கடைக்காரர் உள்ளே போய், மரச்சட்டத்தின் மேல் ஒயர் இழுத்த காலத்து அலுமினியக் கிளிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இப்ப யாரும் இதை வாங்கறதில்லீங்க, நீங்களே வெச்சுக்குங்க” என்று 30 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். கிளிப்பைக் கம்பி மேல் சுற்றி வளைத்து, கால் அங்குல ஸ்க்ரூவும் அரால்டைட்டும் போட்டுப் பலகையின் முன்பக்கத்தில் பிடித்தேன். எந்தத் தடையும் இல்லாமல் சுழல்கிறது. பலகைகள் பக்கவாட்டில் நகராமல் இருக்க, இடையில் சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பியில் ஏற்றினேன். ட்யூப் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே 1 செ.மீ. இடம் விட்டு ஒரு தாங்கி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் கம்பி நடுவில் தொய்யும்.

அடுத்தது சாய்மானம். நிற்கும் பலகைகள் பின்னால் ஒரு சட்டத்தில் சாய்ந்திருக்க வேண்டும். மேல் நுனி 1 செ.மீ. மட்டும் பின்னால் சாய்கிற மாதிரி சட்டத்தை வைத்தபோது, யாராவது மேசையைத் தட்டிச் சிரித்தாலே இரண்டு மூன்று பலகைகள் தானாக விழுந்தன. 2 செ.மீ. ஆக்கியதும் சரியாகிவிட்டது. ஒரு விரல் போதும், ஆனால் விரல் படாமல் விழாது.

சத்தத்துக்கு வருகிறேன். முகப்பில் அழகுக்காக ஒட்டிய வெல்வெட் துணி சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. அதை உரித்துவிட்டேன். முகப்பை 9 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் கதவைத் தட்டுவதுபோல் ஒலித்தது, 4 மி.மீ. வைத்ததும், பின்பக்கம் திறந்த பெட்டி என்பதால், உள்ளீடற்ற, மென்மையான ‘டக்’ கிடைத்தது. கடைசி வரிசைக்கும் கேட்கிறது, யாரையும் திடுக்கிட வைக்கவில்லை.

கரும்பலகை எளிது. 60 × 45 செ.மீ., 9 மி.மீ. பிளைவுட். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாக்போர்டு பெயிண்ட் இரண்டு கோட், நடுவில் இன்னொரு முறை தேய்ப்பு. நன்றாகக் காய்ந்த பிறகு, எழுதுவதற்கு முன், சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதலில் எழுதிய பெயர் நிழலாகத் தங்கிவிடும்.

கண்பட்டை எளிது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒற்றைச் சாட்டின் துணி மூக்கோரம் திறந்துகொள்ளும். கீழே பார்த்தால் விருந்தினரின் செருப்பு வரை தெரியும். கடைசியில் நின்றது இந்த அமைப்பு: 22 × 9 செ.மீ., வெளியே கறுப்பு சாட்டின், நடுவில் தடித்த ஃபெல்ட், உள்ளே துவைக்கக்கூடிய பருத்தி. மூக்குக்கு 3 செ.மீ. வெட்டு, அந்த வெட்டின் இருபுறமும் சிறிய பஞ்சுத் திண்டு. எலாஸ்டிக் பூ வைத்த தலைக்கு ஆகவில்லை, வெல்க்ரோ முடியைப் பிடித்து இழுத்தது. ரிப்பன் முடிச்சுதான் எல்லோருக்கும் ஒத்துவந்தது. கண்ணாடி போடுபவர்களுக்கு மேசையில் ஒரு சின்னத் தட்டு வைத்தேன், கழற்றி வைக்க.

பரிசுப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் ஜெர்மானிய வடிவம் எனக்குக் கைகொடுத்தது. ‘வாஸ் பின் இஷ்?’ என்ற பெயரில் ராபர்ட் லெம்ப்கே 1955இல் தொடங்கி, 1989இல் இறக்கும் வரை நடத்தியது. அங்கே வருபவர் தன் தொழிலைக் குறிக்கும் ஒரு கை அசைவைச் செய்துகாட்டுவார். எந்த நிறப் பன்றி உண்டியல் வேண்டும் என்று லெம்ப்கே கேட்பார். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அதில் ஒரு 5 மார்க் நாணயம். பத்து நாணயம் விழுந்தால் 50 மார்க். நமக்கு 5 ரூபாய் நாணயம் இருக்கிறது, மண் உண்டியலும் இருக்கிறது. பன்றி உருவில் கிடைக்கவில்லை; உருண்டை உண்டியல் ஒன்று 40 ரூபாய். பலகை விழுந்ததும் விருந்தினரே நாணயத்தைப் போட வேண்டும் என்று வைத்தேன். உண்டியலைக் கையோடு எடுத்துப் போகலாம். பெரியவர்கள் கூட அதைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பொங்கல் மாலை ஆட்டத்துக்கு வருகிறேன். நடத்துநர் இருக்கையில் நானே உட்கார்ந்தேன். பலகை செய்வதைவிட அந்த இருக்கை கடினம். பேர்ல் துறைமுகத் தாக்குதலை சிபிஎஸ் வானொலியில் அறிவித்த செய்தியாளர் டேலி. ஒரு கேள்விக்கு நேரான பதில் இல்லையென்றால், இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்று நீளமாக விளக்கிவிட்டுத்தான் அட்டையைத் தொடுவார். அந்த விளக்கங்கள் ஏன் தேவைப்பட்டன என்று முதல் சுற்றிலேயே புரிந்தது. வந்தவர் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர். சேவையா, பொருளா என்பது வரை சுலபமாகப் போனது. “வாயால செய்யற வேலைங்களா?” ஆம். “பாடுவீங்களா?” டக். “பேசறதுக்குச் சம்பளமா?” டக். அப்புறம் ஒருவர், “ஏதாவது குடிக்கறீங்களா?” என்றார். ருசி பார்ப்பவர் வாயில் உறிஞ்சிச் சுழற்றித் துப்பிவிடுவார், விழுங்குவதில்லை. ஆம் என்றால் பாதி விடை போய்விடும், இல்லை என்றால் குழுவைத் தவறான பக்கம் திருப்பிவிடும். வந்தவரோடு குசுகுசுத்துவிட்டு, “வாய்க்குள் போகிறது, வயிற்றுக்குள் போவதில்லை, பலகை விழாது” என்று சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. எட்டாவது பலகையில் கண்டுபிடித்தார்கள்.

மர்ம விருந்தினர், பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. எங்கள் தெருக்களுக்கு அவரைவிடப் பிரபலமானவர் கிடையாது. குழுவில் இருவர் அவரிடமே படித்தவர்கள். குரலை மாற்ற முடியாது என்று, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு ஆம், இரண்டு தட்டு இல்லை என்று ஏற்பாடு. வந்தார், கரும்பலகையில் பெயர் எழுதினார். மூன்று கேள்விகளுக்குள் பிடித்துவிட்டார்கள். காரணம் கரும்பலகை. அவர் தடதடவென்று எழுதி, முடிவில் பழக்கமாக ஒரு புள்ளியை அழுத்தி வைத்த சத்தத்தைக் கேட்டதுமே அவரிடம் படித்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். முதல் கேள்வியே, “நீங்க எங்களை அடிச்சிருக்கீங்களா, டீச்சர்?” டம்ளர் ஒரு முறை தட்டியது. கண்பட்டையைக் கழற்றியதும் இருவரும் எழுந்து போய் அவர் காலைத் தொட்டார்கள்.

அசல் நிகழ்ச்சியில் விருந்தினர் பெயர் எழுதும்போது கூட்டம் விடாமல் கை தட்டுவது ஏன் உதவியாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. அந்த ஆரவாரத்தில் சாக்பீஸ் சத்தம் மறைந்துவிடும். எங்கள் கூட்டத்துக்கு நான் அதைச் சொல்லிவைக்கவில்லை. அடுத்த முறை முதல் வரிசையில் இரண்டு பேரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கப்போகிறேன். கரும்பலகையின் பின்னால் பழைய போர்வைத் துண்டை ஒட்டினாலும் அதிர்வு குறையும்.

செலவு: பிளைவுட் வெட்டுத் துண்டுகள் 350, கம்பியும் கிளிப்பும் ஸ்க்ரூவும் 120, பெயிண்ட்டும் பிரஷ்ஷும் 480, கண்பட்டைத் துணியும் தையல் கூலியும் 300, மூன்று உண்டியல் 120, அரால்டைட், உப்புத்தாள், வால்வு ட்யூப் எல்லாம் சேர்த்து 160. மொத்தம் 1,530 ரூபாய். நாணயங்கள் தனி. எண் காட்டிகளையும் அர்டுயினோவையும் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மாற்ற வேண்டியவை இன்னும் இரண்டு. பலகை அகலத்தை 6-லிருந்து 7 செ.மீ. ஆக்க வேண்டும்; இரட்டை இலக்க எண்கள் ஓரத்தை இடிக்கின்றன. அப்படிச் செய்தால் பெட்டி 82 செ.மீ. ஆகும், கம்பிக்கு இரண்டு தாங்கிகள் வேண்டும். அப்புறம், எல்லாப் பலகைகளையும் ஒரே இழுப்பில் நிமிர்த்த பின்னால் ஒரு நூல் அமைப்பு. இப்போது ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் நான் எழுந்து முன்பக்கம் போய்ப் பத்தையும் கையால் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. நூலுக்கு மீன்பிடி நரம்பு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பிலும் துளையிட்டு, பின்சட்டத்தில் ஒரு கொக்கி வழியாக இழுத்துப் பார்க்க வேண்டும். பலகை விழும் வேகத்தை நரம்பு தடுக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 செ.மீ. தளர்வு விட வேண்டியிருக்கும்.